கோப்புத் தூய்மை வாரம்

எங்கள் குடிநீர் வாரியத்தில் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு கோப்பை அழிக்க ஒருவர் போதும். அதே கோப்பில் ஒரு வரியை மாற்ற ஏழு பேர் கையெழுத்துப் போட வேண்டும். இந்த விதியை எழுதியது யார் என்று ஒருமுறை விசாரித்தேன். எழுதிய குழுவைக் கலைத்து ரொம்ப நாளாகிறது என்றும், கலைப்பதற்கு ஒரே ஒரு கையெழுத்துதான் தேவைப்பட்டது என்றும் சொன்னார்கள்.

நான் அங்கே புரோகிராமர். பதினாறு வருஷ சர்வீஸ். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு எந்த வால்வைத் திறப்பது, எத்தனை சுற்று திருகுவது என்று தினமும் காலையில் ஒரு தாள் அச்சாகி வரும். அந்தத் தாளைத் தயாரிப்பது நான் எழுதிய புரோகிராம். படம், பொத்தான் ஒன்றும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால் ஓடும். வால்வுக்காரர்கள் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நீளமான இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். தாளில் இல்லாத வால்வைத் தொட்டால் ஒழுங்கு நடவடிக்கை என்று சுவரில் சுற்றறிக்கை ஒட்டியிருக்கும்.

நடந்தது புரிய இரண்டு ஃபோல்டர்களைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, செட்டிங்ஸ் ஃபோல்டர். புரோகிராமுக்கு வெளியிலிருந்து யாராவது சொல்லித்தர வேண்டிய விஷயங்கள் அதில் ஒரு கோப்பில் இருக்கும். மேட்டுத் தெருவுக்கு இருபது நிமிஷம் முன்னாலேயே திறக்க வேண்டும், ஆஸ்பத்திரிப் பின்தெருவின் வால்வைத் தலைகீழாகப் பொருத்திவிட்டார்கள், அதனால் மூடுகிற பக்கம் திருகினால்தான் திறக்கும் என்கிற மாதிரி. இன்னொன்று, கேஷ் ஃபோல்டர். கேஷ் என்றதும் கல்லாப்பெட்டியை நினைக்க வேண்டாம். ஒரு தடவை போட்ட கணக்கை மறுபடி போடாமல் இருப்பதற்காக புரோகிராம் ஒதுக்கி வைத்துக்கொள்ளும் இடம் அது. எப்போது வேண்டுமானாலும் வழித்துத் துடைத்துவிடலாம். புரோகிராம் முணுமுணுக்காமல் மறுபடி உருவாக்கிக்கொள்ளும். முக்கியமான எதையும் அதில் வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் நாள் பாடம். நானே பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அந்த கேஷ் ஃபோல்டரில்தான் செட்டிங்ஸ் கோப்பை வைத்தேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மேட்டுத் தெருவில் பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதிய குழாய் போட்டார்கள். செட்டிங்ஸ் கோப்பில் பன்னிரண்டு என்றிருந்த சுற்றை முப்பது ஆக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒப்புதல் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். ஆறாவது கையெழுத்து தோட்டப் பிரிவு மேற்பார்வையாளருடையது. இதற்கும் தமக்கும் என்ன சம்பந்தம் என்று எழுத்தில் கேட்டார். சம்பந்தமில்லை என்று எழுத்தில் கொடுத்தேன். சம்பந்தமில்லாத விஷயத்தில் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று படிவத்தைத் திருப்பி அனுப்பினார். இப்படியே நாலு மாசம் போயிற்று. மேட்டுத் தெருக்காரர்கள் அந்த நாலு மாசமும் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடினார்கள்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் புரோகிராமில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். கேஷ் ஃபோல்டரில் செட்டிங்ஸ் கோப்பு இருந்தால் அதையே எடுத்துக்கொள் என்று எழுதிவிட்டேன். கேஷில் என்ன இருக்கிறது என்று எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை, எந்தப் படிவமும் அதைக் கேட்பதில்லை. அன்று சாயங்காலமே மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் போயிற்று. என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதற்குப் பிறகு வால்வுக்காரர் ஒருவர் வந்து, "சார், அந்த முக்குல அழுத்தம் பத்தல, ரெண்டு சுத்து கூட்டுங்க" என்று சொன்னால் அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் மாற்றிவிடுவேன். ஆறு வருஷத்தில் இருநூற்றுப் பதினாலு வரிகள் சேர்ந்தன. ஊரின் தண்ணீர் முழுக்க அந்த ஒரு கோப்பில் இருந்தது. இது யாருக்கும் தெரியாது. சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தேன்.

முக்கியமாக ஆபரேட்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். தினமும் காலை ஐந்து மணிக்கு வந்து அந்தக் கட்டளையைத் தட்டித் தாளை அச்சடிப்பது அவள்தான். பதினோரு வருஷமாகத் தற்காலிகப் பணியாளர். சேர்ந்த முதல் வாரம் கறுப்புத் திரையைப் பார்த்துப் பயந்தவளுக்கு ஒவ்வொரு கட்டளையாகச் சொல்லிக்கொடுத்தது நான். அன்றிலிருந்து என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். இந்த வருஷம் ஒருவழியாக அவளை நிரந்தரமாக்கும் கோப்பு மேலே போயிருந்தது. மாசக் கடைசிக்குள் உத்தரவு வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். இடையில் பெயரில் ஒரு சின்னக் கரும்புள்ளி விழுந்தாலும் பதினோரு வருஷமும் போச்சு. அதனால் அந்த மாசம் முழுக்க இருமுவதற்குக்கூட யோசித்தாள்.

அந்த மாசம்தான் கோப்புத் தூய்மை வாரம் வந்தது.

வாரியத்தின் டிஸ்க் தொண்ணூற்றெட்டு சதவீதம் நிரம்பிவிட்டது. எதனால் நிரம்பியது என்று கணக்கெடுத்து நானே அறிக்கை கொடுத்தேன். வாரிய விழாக்களின் புகைப்படங்கள், அதே புகைப்படங்களின் நகல்கள், நகல்கள் பத்திரமாக இருக்கின்றன என்பதற்கான புகைப்படங்கள். அவை நிரந்தர ஆவணங்கள், தொடக் கூடாது என்று பதில் வந்தது. தற்காலிகக் கோப்புகளை மட்டும் ஒழிக்க ஒரு வாரம் ஒதுக்கப்பட்டது.

திங்கட்கிழமை எல்லோரும் அவரவர் கம்ப்யூட்டர் முன்னால் எழுந்து நின்று, வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தோம். உறுதிமொழி வாசகத்தை முந்நூற்று நாற்பது ஊழியர்களுக்கும் தனித்தனிக் கோப்பாக அனுப்பியதில் டிஸ்க் தொண்ணூற்றொன்பதுக்கு ஏறியது. செவ்வாய்க்கிழமை தூய்மை வாசகம் எழுதும் போட்டி. புதன்கிழமை அதிகமாக அழித்த பிரிவுக்குக் கேடயம். தோட்டப் பிரிவு வாங்கியது. என்ன அழித்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாததால் இன்றுவரை புகார் ஒன்றும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நிறைவு விழா. கூட்ட அறையில் பெரிய திரை கட்டி, அதில் ஆபரேட்டரின் கறுப்புத் திரை தெரியும்படி செய்திருந்தார்கள். எண்டர் பொத்தானில் ஒரு சிவப்பு ரிப்பனை ஒட்டியிருந்தார்கள். கட்டளையை ஆபரேட்டர் தட்டுவாள், எண்டரை நிர்வாக இயக்குநர் அழுத்தித் தொடக்கி வைப்பார் என்று நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டிருந்தது.

நிர்வாக இயக்குநர் பேசினார். "நண்பர்களே, நம்ம டிஸ்க் நிறைஞ்சு போச்சுன்னு சிலர் கவலைப்படறாங்க. நான் பெருமைப்படறேன். நாம எவ்வளவு உழைச்சிருக்கோம்னு அது காட்டுது. இப்ப அதை அழிச்சு, இன்னும் எவ்வளவு உழைக்க முடியும்னு காட்டப் போறோம். கேஷ்னா என்னன்னு நேத்துதான் எனக்கு விளக்கினாங்க. எனக்குப் புரியல. ஆனா ஒரு தலைவனுக்கு எல்லாம் புரிஞ்சாத்தான் முடிவெடுக்கணும்னா, இந்த வாரியத்துல ஒரு முடிவும் எடுத்திருக்க முடியாது." கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

ஆபரேட்டர் சுற்றறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகத் தட்டினாள். திரையில் கேஷ் ஃபோல்டரின் முழுப் பாதையும் தெரிந்தது. முழுவதையும் அழி, கேள்வி கேட்காதே என்று கட்டளை. நான் இரண்டாவது வரிசையில் ஒரு கையில் பிஸ்கட்டும் ஒரு கையில் காகிதக் கோப்பையுமாக நின்றிருந்தேன். அந்த நிமிஷம்தான் என் கோப்பு ஞாபகம் வந்தது.

ஓடிப்போய்த் தடுக்க நேரமில்லை என்று சொல்லிக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நேரம் தாராளமாக இருந்தது. இயக்குநர் விரலை எண்டர் மேல் வைத்தார். புகைப்படக்காரர், "சார், விரலை அப்படியே வெச்சிருங்க, அழுத்திடாதீங்க. இங்க பாருங்க. கொஞ்சம் சிரிங்க" என்றார். ஃபிளாஷ் எரியவில்லை. பேட்டரி மாற்றினார். துணை இயக்குநர் பின்னால் மறைகிறார் என்று அவரை முன்னால் வரச் சொன்னார்கள். அவர் வந்ததும் கணக்கு அதிகாரி மறைந்தார். அவருக்கும் இடம் செய்தார்கள். சுவர்க் கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருந்தது. மொத்தம் நாலு நிமிஷம். ஒரு வார்த்தை போதும். 'நிறுத்துங்க' என்று சொன்னால் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். ஏன் என்று கேட்பார்கள். ஆறு வருஷக் கதையை அந்த ரிப்பனுக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும். என் சொந்த ஃபோல்டரில் ஒரு நகல் எடுத்து வைத்த ஞாபகம் இருந்தது. சாயங்காலமே சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்து பிஸ்கட்டைக் கடித்தேன்.

எண்டர் அழுத்தப்பட்டது. தொண்ணூற்றொன்பது தொண்ணூற்றெட்டு ஆயிற்று. வாரம் தொடங்கியபோது இருந்த இடத்துக்கே டிஸ்க் வந்துவிட்டதால் விழா வெற்றி என்று அறிவித்தார்கள்.

நகல் இருந்தது. மூணு வருஷத்துக்கு முந்தைய நகல். அதற்குப் பிறகு பாதி ஊரில் குழாய் மாற்றியிருந்தார்கள்.

கோப்பு இல்லையே என்று என் புரோகிராம் ஒரு சத்தமாவது போட்டிருக்கலாம். போடவில்லை. அதை அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். கேஷில் கோப்பு இல்லை, செட்டிங்ஸ் ஃபோல்டரில் இருந்த பழைய கோப்போ மேட்டுத் தெருப் படிவம் திரும்பி வந்ததிலிருந்து 'பரிசீலனையில்' என்று பெயர் மாறிக் கிடக்கிறது. எதுவும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று முதல் வருஷம் சோதனைக்காக எழுதிய வரிகளை அது எடுத்துக்கொண்டது. எல்லா வால்வுக்கும் பன்னிரண்டு சுற்று, தெருக்கள் அகர வரிசையில். பிழை எதுவுமில்லை என்று கடைசியில் ஒரு வரியும் அச்சடித்தது.

முதலில் வந்தது அச்சகத் தெரு. அது என் தெரு. அடுத்தது ஆஸ்பத்திரிப் பின்தெரு. அங்கே வால்வுக்காரர் தாளில் உள்ளபடி 'திறந்தார்', தண்ணீர் நின்றுபோயிற்று. மூன்றாவது இடுகாடு. நான்காவது இரும்புக்கடைச் சந்து. அந்தச் சந்து இப்போது இல்லை, பஸ் டிப்போ இருக்கிறது. பஸ்களை ஒரு நாளைக்கு மூணு தடவை கழுவினார்கள். மேட்டுத் தெருவின் முறை வருவதற்குள் தொட்டியில் பாசிதான் மிச்சம். வால்வுக்காரர்களுக்கு எல்லாம் தெரியும். சுற்றறிக்கையும் தெரியும். கைகட்டி நின்றார்கள்.

எங்கள் வீட்டுக் குழாயில் மட்டும் காலையிலிருந்து மத்தியானம்வரை தண்ணீர் கொட்டியது. என் மனைவி திரைச்சீலை, மெத்தை உறை என்று கண்ணில் பட்டதையெல்லாம் துவைத்துக் காயப்போட்டாள். "இவ்ளோ தண்ணி இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து பாத்ததில்ல. என்னங்க பண்ணீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். நான் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவள் சிரிப்பு போயிருந்தது. எழுந்துபோய்க் குழாயை இறுக்கி மூடினாள். "அந்தப் பொண்ணு வீடு மேட்டுத் தெருவுலதானே?" என்று மட்டும் கேட்டாள்.

ஆமாம், மேட்டுத் தெருதான்.

மூன்றாம் நாள் ஆபரேட்டரைப் பணியிலிருந்து விலக்கி வைத்தார்கள். அந்த மூன்று நாளும் நான் வாயைத் திறக்கவில்லை. முதல் நாள், சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். இரண்டாம் நாள், கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன். மூன்றாம் நாள் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் அவர்களுக்கு ஆள் கிடைத்துவிட்டது. எண்டரை அழுத்தியது நிர்வாக இயக்குநர்தானே என்று பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் மறுநாள் அச்சில் வந்தது. "நான் தொடக்கி வெச்சேன். தொடக்கி வைக்கறது வேற, செய்யறது வேற. பாலத்தைத் திறந்து வைக்கிறவரா பாலத்தைக் கட்டினாரு? அது இடிஞ்சா அவர் மேலயா கேஸ் போடுவாங்க?"

அடையாள அட்டையை ஒப்படைக்க வந்தவள் என் மேஜைக்கும் வந்தாள். கை முழுக்கக் குடம் தூக்கிக் கன்றிய தடம்.

"அண்ணா, எங்க தெருவுல எல்லாரும் என்னைத்தான் திட்டறாங்க. நீதானேடி தண்ணிய அழிச்சேன்னு பக்கத்து வீட்டுக்காரங்க மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல" என்றாள். "கேஷை அழிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? நான் எங்க தப்பு பண்ணேன்? யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், பிடிபடவே மாட்டேங்குது."

"நீ தப்பு பண்ணலம்மா."

"அப்ப எப்படிண்ணா?"

"பாக்கலாம். நான் மேல பேசறேன்" என்றேன். அவள் முகம் தெளிந்தது. "நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமா இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பதில் என்னை ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

மேலே பேசத்தான் போனேன். அதற்குள் விசாரணைக் குழு அமைத்துவிட்டார்கள். குழுத் தலைவர் பம்பிங் ஸ்டேஷனின் தலைமைப் பொறியாளர். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை என்பதால் பாரபட்சம் இருக்காது என்று அவரை நியமித்திருந்தார்கள். நான் அறைக்குள் நுழைந்ததும், "வாங்க வாங்க, உங்களுக்குத்தான் ஆள் அனுப்ப இருந்தோம்" என்று ஒரு உத்தரவை நீட்டினார். குற்றவாளி எப்படிச் செய்தார் என்று கண்டுபிடிக்கும் தொழில்நுட்ப நிபுணராக என்னை நியமித்திருந்தார்கள்.

"சார், குற்றவாளியே நான்தான்" என்றேன்.

"அடக்கமா பேசாதீங்க. இங்க வேலை நடக்கணும்."

செட்டிங்ஸ் கோப்பை கேஷில் வைத்த கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "கேஷ் ஃபோல்டர்ல செட்டிங்ஸ் வைக்க விதியில இடம் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "விதியில இடமில்லாதது அங்க இருந்திருக்க முடியாது. அங்க இல்லாததை அந்தப் பொண்ணு எப்படி அழிச்சாங்கறதுதான் இப்ப நமக்கு முன்னால இருக்கற கேள்வி. மத்ததையெல்லாம் எழுதிக் குடுங்க, பாக்கறோம்" என்றார்.

எழுதினேன். முதல் பக்கத்திலேயே 'கோப்பை அங்கே வைத்தது நான்' என்று எழுதினேன். மறுநாள் அறிக்கை திரும்பி வந்தது.

"நிபுணர் அறிக்கையில 'நான்'னு வரக்கூடாது. நடுநிலை கெட்டுடும்."

'புரோகிராமர்' என்று மாற்றினேன். அதுவும் திரும்பியது.

"பதவியைக் குறிப்பிட்டா அந்தப் பதவியில இருக்கறவருக்கு நோட்டீஸ் குடுக்கணும். அது நீங்க. நிபுணருக்கே நோட்டீஸ் குடுத்தா அப்புறம் நிபுணருக்கு எங்க போறது? புது ஆளை நியமிக்கணும்னா பதினோரு கையெழுத்து வேணும். அதுவரைக்கும் ஊர் தண்ணியில்லாம கெடக்கணுமா? உங்களுக்கு மனசாட்சி இல்லியா?"

'ஒரு நபர்' என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

அப்போது பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்திருக்கலாம். நேரே மேட்டுத் தெருவுக்கு நடந்துபோய் அவள் கதவைத் தட்டியிருக்கலாம். பத்து நிமிஷ நடைதான். அதைச் செய்யவில்லை. 'ஒரு நபர்' என்று எழுதியதும் எனக்கு மூச்சு சீராக வந்தது, அதுதான் நிஜம். ஏற்க மாட்டார்கள் என்று தெரிந்த இடத்தில் மட்டும் உண்மையைச் சொல்லும் தைரியசாலி நான். சொல்லியாகிவிட்டது, அவர்கள் கேட்கவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். "கேக்க வேண்டியவகிட்ட சொன்னீங்களா?" என்றாள்.

இதற்கிடையில் கோப்பை மறுபடி உருவாக்கும் வேலையும் என்னிடமே வந்தது. வால்வுக்காரர்களின் பின்னால் தெருத்தெருவாக நடந்து, ஒவ்வொரு வால்வாகக் கேட்டு எழுதினேன். மூத்த வால்வுக்காரர் ஒருவர் சாவியைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "எல்லாம் எங்களுக்கு மனப்பாடம் சார். கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்போம். ஒருத்தரும் கேக்கல" என்றார். ஒன்பது நாளில் இருநூற்றுப் பதினாலு வரிகளும் திரும்பி வந்தன.

இப்போது அதை எங்கே வைப்பது? செட்டிங்ஸ் ஃபோல்டரில் வைக்க ஏழு கையெழுத்து. அவசரம் என்றால் அவசரப் படிவம், அதற்கு ஒன்பது. குழுத் தலைவர் அரை மணி யோசித்து எழுத்துமூலமாக ஓர் உத்தரவு போட்டார்: ஒப்புதல் கிடைக்கும்வரை செட்டிங்ஸ் கோப்பை இடைக்கால ஏற்பாடாக கேஷ் ஃபோல்டரில் வைக்கலாம்.

"சார், இதைத்தானே ஆறு வருஷத்துக்கு முன்னால நான் செஞ்சேன்?"

"நீங்க உத்தரவில்லாம செஞ்சீங்க. அதனால அது நடக்கல. இது உத்தரவோட நடக்குது" என்றார்.

மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் வந்தது. பேப்பரில் இயக்குநர் ஒரு குழாயைத் தொடக்கி வைக்கும் படம் வந்தது. எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அதை மேஜை இழுப்பறையில் கவிழ்த்துப் போட்டேன். ஆபரேட்டர் மட்டும் வீட்டிலேயே இருந்தாள்.

மாசக் கடைசிக்கு முந்தின நாள் இறுதி விசாரணை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் தலைவர், இரண்டு உறுப்பினர்கள், மூலையில் ஸ்டெனோ. இந்தப் பக்கம் அவள் தனியாக. நிபுணர் என்பதால் எனக்குத் தலைவர் பக்கத்தில் நாற்காலி. அவள் முன்னால் ஒரு தாள் இருந்தது. 'என் கவனக்குறைவால்' என்று தொடங்கும் மன்னிப்புக் கடிதம்.

"பாருங்கம்மா, வாரியம் உங்க விரோதி இல்ல" என்றார் தலைவர். "இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கே வேலைக்கு வரலாம். நிரந்தரம் மட்டும் இப்ப இல்ல. அஞ்சு வருஷம் கழிச்சுப் பரிசீலிப்போம். போடலைன்னா உங்க ஒப்பந்தம் நாளையோட முடியுது, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. யாராவது ஒருத்தர் கவனக்குறைவா இருந்தாத்தான் இந்த ஃபைலை மூட முடியும். நாங்க எல்லாரும் கவனமா இருந்ததா அறிக்கை வந்திருக்கு."

"அந்த அறிக்கையை நான் படிக்கலாமா?" என்று கேட்டாள்.

கொடுத்தார்கள். ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். கறுப்புத் திரையில் கட்டளையைச் சரிபார்க்கும்போது விரலை வைத்துப் படிப்பாளே, அந்த மாதிரியே படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"'ஒரு நபர் செட்டிங்ஸ் கோப்பை கேஷ் ஃபோல்டரில் வைத்திருந்தார்'னு இருக்கு. யாருண்ணா இந்த ஒரு நபர்?"

தலைவர், "அது தொழில்நுட்ப விவரம்மா" என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"நான்தாம்மா" என்றேன்.

ஸ்டெனோவின் விரல்கள் ஓடின. "அதை எடுத்துடுங்க, நிபுணருக்குப் பேச அனுமதி குடுக்கல" என்றார் தலைவர். ஸ்டெனோ எதையோ அழிக்கும் சத்தம் கேட்டது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றாள் ஆபரேட்டர்.

"விழா அன்னிக்கே."

"எண்டர் அழுத்தினதுக்கு அப்புறமா, முன்னாடியா?"

"முன்னாடி."

அவள் அறிக்கையை மூடி வைத்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"போட்டோ எடுத்துட்டு இருந்தப்ப நான் திரும்பி உங்களைப் பாத்தேன்" என்றாள். "டைப் பண்ணது சரியான்னு கேக்கத்தான் பாத்தேன். சரின்னு தலையாட்டினீங்க."

ஆமாம், ஆட்டினேன். இதை நான் மேலே எழுதவில்லை. எழுதாமலே முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

"சார், நான் எழுத்துல குடுக்கறேன், எல்லாத்தையும் நான்தான் செஞ்சேன், இவங்களை விட்டுடுங்க" என்று தலைவரிடம் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தாராளமா குடுங்க. புது விசாரணையா எடுத்துக்கறோம். இது முடிஞ்சதும், அதுக்கு ஒரு குழு போட்டு, அது கூடறதுக்கு ஆறு மாசமாவது ஆகும். நாளைக்கு மாசக் கடைசி. இவங்க என்ன பண்ணணும்ங்கறீங்க?"

அவள் மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து, மன்னிப்புக் கடிதத்தின் கீழே நிதானமாகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள். தேதியும் போட்டாள். பிறகு கடிதத்தை என் பக்கம் திருப்பி, கையெழுத்துக்குக் கீழே காலியாக இருந்த இடத்தை விரலால் காட்டினாள்.

"சாட்சி கையெழுத்து இங்க போடணும், சார்" என்றாள்.

போட்டேன்.